சிவப்பு பெயிண்டுக்கு அடியில பச்சை! இந்த பழைய ஃபயர் வண்டி என்ன மாடல்னு சொல்லுங்களேன்

ஓரக்கண்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இதான் முதல் போஸ்ட், தப்பான பகுதியில போட்டிருந்தா அட்மின் தூக்கி சரியான இடத்துல வச்சிருங்க.

விஷயம் என்னன்னா, நான் வேலைக்கு போற வழியில மூடிப்போன ஒரு ஃபேக்டரி இருக்கு. காம்பவுண்டுக்குள்ள புதர் மண்டிக் கெடக்குற மூலையில ஒரு சிவப்பு வண்டியோட மண்டை மட்டும் தெரியும், பஸ்ஸுல போறப்ப ரெண்டு வருஷமா பார்த்துட்டே இருந்தேன், ஏதோ பழைய லாரின்னு நெனச்சேன். போன வாரம் புதரை வெட்டியிருக்காங்க, முழுசா தெரியுது, பார்த்தா ஃபயர் என்ஜின்! வாட்ச்மேன்கிட்ட கெஞ்சி அரை மணி நேரம் உள்ள போயிட்டு வந்தேன். போட்டோ எடுக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டார், அதனால வாயாலதான் சொல்லணும்.

முன்னாடி கண்ணாடி ஒரே பீஸ் இல்ல, நடுவுல கம்பி வச்சு ரெண்டு தட்டையான கண்ணாடி. மூக்கு இருக்கு ஆனா பழைய லாரி மாதிரி நீட்டமா இல்ல, குட்டை மூக்கு. ஸ்டீரிங் வலது பக்கம். கூரை மேல ஏணி வைக்கிற ஃபிரேமும் உருளையும் இருக்கு, ஏணி இல்ல. முன்பக்கம் கம்பெனி எம்பளம் இருந்த இடத்துல வெறும் ஓட்டை. பின்னாடி பெரிய பம்ப், அதுல இருந்த தகட்டை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டு விஷயம்தான் எனக்கு குழப்பம். ஒண்ணு, கதவோட அடிப்பக்கம் சிவப்பு பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சு நிக்குது, அதுக்கு அடியில ப்ரைமர் இருக்கும்னு பார்த்தா நல்ல கரும்பச்சை. ஃபயர் வண்டி எப்படி பச்சையா இருக்கும்? ரெண்டாவது, பக்கவாட்டு லாக்கர் ஒண்ணுக்குள்ள ஒரு குட்டி என்ஜினும் பம்பும் சேர்ந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒரு பேட்ஜ், குதிரை மேல ஒரு பொம்பள உக்காந்திருக்கற மாதிரி. அந்த எம்பளத்தை வச்சு கம்பெனி கண்டுபிடிக்க முடியுமா?

*

டீசல்மூக்கு:

வாங்க வாங்க, முதல் போஸ்டே தூள்.

ரெண்டு கண்ணாடி, ரைட் ஹேண்ட் டிரைவ், பெரிய பம்ப், கண்ணை மூடிட்டு சொல்றேன் டென்னிஸ். இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டுல செஞ்ச வண்டி, எஃப் சீரிஸ்ல ஏதோ ஒண்ணு. பழைய ஃபயர் வண்டின்னு எங்க எதைப் பார்த்தாலும் பாதிக்கு பாதி டென்னிஸ்தான் தல. பச்சை யாராவது நடுவுல வாங்கினவன் அடிச்சிருப்பான். குதிரைக்காரி யாருன்னு தெரியல, ஆனா பார்க்கணும்போல இருக்கு :)

*

துருவேந்தன்:

டீசல்மூக்கு, கண்ணை மூடிட்டு சொன்னா இப்படித்தான் வரும், கொஞ்சம் திறந்து பாருங்க.

ஓரக்கண் ப்ரோ, முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க, இது தெரியாமதான் எல்லாரும் வழி தவறுறாங்க. ஃபயர் வண்டிக்கு ஒரு அப்பா அம்மா கிடையாது. சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், செஞ்சவன் ஒருத்தன், அது மேல பாடி கட்டினவன் இன்னொருத்தன், பம்ப் மூணாவது ஆள், ஏணி வண்டியா இருந்தா ஏணி நாலாவது ஆள். டென்னிஸ் சேஸிஸ் மேல ஜெர்மனிக்காரன் மெட்ஸ் செஞ்ச ஏணி நிக்கும், இங்கிலாந்து லாரி பெட்ஃபோர்ட் மேல இன்னொரு ஜெர்மன் கம்பெனி மேகிரஸோட ஏணி நிக்கும். அதனால "இது என்ன வண்டி"ங்கற கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில் வராது, நாலு பேரையும் தனித்தனியா கண்டுபிடிச்சு எழுதணும், நாலும் ஒரே வருஷமா இருக்கணும்னு கூட இல்ல. சேஸிஸ் வீணாப் போனா பம்பை கழட்டி வேற வண்டியில மாட்டினவங்க எல்லாம் உண்டு.

உங்க குதிரைக்காரி வேற யாரும் இல்ல, லேடி கொடைவா. கொவென்ட்ரி ஊர்ல வரிக் கொடுமையை நிறுத்துறதுக்காக உடம்புல துணி இல்லாம குதிரை மேல ஊரைச் சுத்தி வந்தாங்கன்னு ஒரு பழங்கதை, அந்த ஊரோட அடையாளமே அவங்கதான். அங்க இருந்த கொவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி அதையே தன்னோட சின்னமா வச்சுக்கிச்சு, அவங்க பம்புக்கு பேரே கொடைவா. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அவங்க பம்ப் எக்கச்சக்கமா ஓடுச்சு, இழுத்துட்டுப் போற டிரெய்லர் பம்ப், நாலு பேர் தூக்கிட்டுப் போற பம்ப் ரெண்டும். அதனால இந்த பேட்ஜ் எந்த வண்டியில வேணா இருக்கும், அதை வச்சு வண்டியை சொல்ல முடியாது. குட்டி பம்ப் எந்த கம்பெனின்னு மட்டும்தான் அது சொல்லும்.

சொல்லிட்டு போறேன், சம்பந்தம் இல்லதான் ஆனா சொல்லாம இருக்க முடியல. 1950கள் ஆரம்பத்துல, தூக்கிட்டு ஓடுற பம்புக்கு எடை கம்மியான என்ஜின் வேணும்னு இதே கம்பெனி அலுமினியத்துல ஒண்ணு செஞ்சாங்க, எஃப்டபிள்யூன்னு பேரு, ஃபெதர் வெயிட். அதைப் பார்த்த ரேஸ்காரங்க "இவ்வளவு லேசா இவ்வளவு பவரா, எங்களுக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க"ன்னு வந்து நின்னாங்க, அதுல இருந்து வந்ததுதான் எஃப்டபிள்யூஏ ரேஸ் என்ஜின், லோட்டஸ், கூப்பர் மாதிரி ரேஸ் கார் கம்பெனிங்க எல்லாம் அதைப் போட்டு ஓட்டினாங்க. அதே கம்பெனியோட வேற ஒரு என்ஜினைப் போட்டுத்தான் கூப்பர் 1959லயும் 1960லயும் ஃபார்முலா ஒன் ஜெயிச்சுது. தண்ணி அடிக்க செஞ்ச என்ஜின் ரேஸ் டிராக்குல ஓடின கதை. (நம்ம ஊர் தண்ணி இல்ல டீசல்மூக்கு.)

பச்சைக்கு வருவோம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா இப்ப சொல்லமாட்டேன், சொன்னா நீங்க அதையே தேடிக் கண்டுபிடிச்சிட்டு வந்துருவீங்க. திரும்பவும் உள்ள போக முடிஞ்சா இதெல்லாம் பாருங்க:

லாக்கர் கதவைத் திறந்து உள்பக்க மடிப்பு, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி, சீட்டுக்கு அடியில. மறுபடி பெயிண்ட் அடிக்கிறவன் சோம்பேறி, அங்கெல்லாம் ஸ்ப்ரே கன் போகாது. அங்க பச்சை இருந்தா அது பிறவி நிறம். வெளிய மட்டும் பச்சையா இருந்து உள்ள வேற கலரா இருந்தா டீசல்மூக்கு சொன்ன மாதிரி நடுவுல வந்தது.

முன் ஆக்சிலைக் குனிஞ்சு பாருங்க. வெறும் இரும்பு பீம் மாதிரி வளைஞ்சு போகுதா, இல்ல பின் ஆக்சில்ல இருக்கற மாதிரி நடுவுல ஒரு பெரிய உருண்டை துருத்திட்டு இருக்கான்னு.

பானட்டைத் திறக்க விட்டா பெட்ரோலா டீசலா, எத்தனை சிலிண்டர்.

கேபின் உள்ள டேஷ்போர்டு, கதவுத் தூண், சீட் பீடம், இங்கெல்லாம் ஒரு தகடு இருக்கும். துணியால துடைங்க, தயவு செஞ்சு சாவியால சுரண்டாதீங்க, எழுத்தும் சேர்ந்து போயிடும்.

*

ஏணிக்காரன்:

துருவேந்தன் அண்ணே நல்லா சொன்னீங்க. இது இங்கிலாந்து வண்டி மாதிரிதான் தெரியுது, ஆனா இந்தத் தலைப்பைப் பின்னாடி தேடி வர்றவங்களுக்காக வேற நாட்டு வண்டிங்களைப் பத்தி கொஞ்சம் எழுதிடறேன், எனக்கு ஏணி வண்டிதான் பைத்தியம்.

ஜெர்மன் வண்டி கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், ஏன்னா அவங்க பேருலயே கணக்கை எழுதி வச்சிருவாங்க. எல்எஃப் 16ன்னா பம்ப் நிமிஷத்துக்கு 1600 லிட்டர் தள்ளும், எல்எஃப் 8ன்னா 800. டிஎல்எஃப் 16/25ன்னா அதே 1600 லிட்டர் பம்ப், கூடவே சுமார் 2500 லிட்டர் தண்ணி டேங்க். ஏணி வண்டி டிஎல்கே 23-12ன்னு இருந்தா, வண்டி சுவத்துல இருந்து 12 மீட்டர் தள்ளி நின்னாலும் 23 மீட்டர் உயரத்துக்கு எட்டும்னு அர்த்தம். வெறும் டிஎல் 30ன்னா ஏணியோட நீளம் 30 மீட்டர், அது பழைய முறை. பழைய சோவியத் வண்டியில ஆட்சே-40ன்னு அவங்க எழுத்துல இருக்கும், அந்த 40 நிமிஷக் கணக்கு இல்ல, வினாடிக்கு 40 லிட்டர். பெரும்பாலும் ஸில் லாரி மேல கட்டினது. ஒருத்தர் இதை 40 டன்னுன்னு நெனச்சு வாங்கப் போன கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

பேட்ஜ் போயிருந்தாலும் மேகிரஸ் டாய்ட்ஸ் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அதுல என்ஜினை காத்துதான் ஆத்தும், தண்ணி கிடையாது. பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடி எங்கன்னு தேடுங்க, இல்லவே இல்லன்னா பாதி வேலை முடிஞ்சுது. பேட்ஜ் இருந்தா இன்னும் சுலபம், எம் எழுத்தோட ஒரு கோபுரம் இருக்கும், அது அவங்க ஊரு உல்ம்ல இருக்கற பெரிய தேவாலயத்தோட கோபுரம்.

அமெரிக்க வண்டியில மூஞ்சியில வெள்ளி உருண்டை பளபளன்னு முன்னாடி துருத்திட்டு இருந்தா அது அஹ்ரன்ஸ் ஃபாக்ஸ். சிலபேர் அலங்காரம்னு நெனைக்கிறாங்க. அதுல பிஸ்டன் பம்ப், தண்ணி விட்டு விட்டுதான் வரும், அந்த உருண்டைக்குள்ள இருக்கற காத்து அமுங்கி விரிஞ்சு அந்த உதறலை வாங்கிக்கும், ஹோஸ்ல தண்ணி சீரா போகும். உருண்டை இல்லன்னா முன்னாடி ஹோஸைப் பிடிச்சிட்டு நிக்கிறவன் கை உதறிட்டே இருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன குறிப்பு, கேபின் பக்கத்துல காரணமே இல்லாம ரெண்டு போல்ட் ஓட்டையோ ஒரு வெறும் பிராக்கெட்டோ இருந்தா அங்க மணி தொங்கியிருக்கும். வண்டி வித்தவுடனே முதல்ல காணாமப் போறது மணிதான், அப்புறம் ஹோஸ் மாட்டற பித்தளை வாய்ங்க, மூணாவது தகடு.

*

ஓரக்கண்:

அடேங்கப்பா, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வாட்ச்மேன் நல்ல மூடுல இருந்தா போறேன்.

ஒரு சந்தேகம், டயர்ல நாலு நம்பர் இருக்குமே வாரமும் வருஷமும், அதை வச்சு வருஷம் சொல்லலாமா?

*

துருவேந்தன்:

டயர் வருஷம் டயருக்குத்தான். கடைசியா எப்ப செலவு பண்ணாங்கன்னு வேணா சொல்லலாம். அதுக்கு பதிலா ஹெட்லைட், டைனமோ, வைப்பர் மோட்டார் இதுல லூகாஸ்னு (இங்கிலாந்து எலக்ட்ரிக் சாமான் கம்பெனி) இருந்தா பக்கத்துல மாசமும் வருஷமும் குட்டியா குத்தியிருப்பாங்க. ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, அதுவும் மாத்தினதா இருக்கலாம், மூணு நாலு சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினா நம்பலாம்.

17 எழுத்து சேஸிஸ் நம்பரைத் தேடாதீங்க, அது 1981 வாக்குலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு நம்பர் போட்டாங்க.

*

நைட்ஷிப்ட்:

இதுக்கு நடுவுல ஒரு பெரிசு புகுந்துக்கறேன். நான் பம்ப் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி வண்டிங்களை ஓட்டினவன், பின்னாடி ஏலத்துல வித்ததையும் பார்த்தவன்.

தம்பி ஓரக்கண், உள்ள போறது சரி, ஆனா பார்த்து. ஒரு தடவை இதே மாதிரி ஓரங்கட்டின வண்டியில லாக்கரை இழுத்தேன், கீல் துருப்பிடிச்சு இத்துப் போயிருந்திருக்கு, கதவு மொத்தமா கழண்டு கால் மேல விழுந்துச்சு, அந்த பெருவிரல் நகம் இன்னைக்கும் கோணல்தான். கூரை மேல ஏறாதீங்க, கீழ மரமா இருக்கும், மேல தகரம் மட்டும் நல்லா இருக்கற மாதிரி தெரியும், காலை வச்சா உள்ள போயிடும். பழைய பிரேக் லைனிங், கேஸ்கெட், வெப்பம் தாங்க வச்ச துணி எல்லாத்துலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதி தூசி தட்டாதீங்க. ஃபோம் டேங்க் இருந்தா மூடியைத் திறக்காதீங்க. பழைய ஃபோம் ரெண்டு வகை. ஒண்ணு மாட்டுக் கொம்பு குளம்புல இருந்து எடுத்த புரோட்டீன் ஃபோம், பல வருஷம் கழிச்சு திறந்தா அந்த நாத்தம் மூணு நாள் மூக்கை விட்டுப் போகாது. இன்னொண்ணு படலம் போடற ஃபோம், அதுல இருக்கற ஃப்ளூரின் ரசாயனம் மண்ணுலயும் தண்ணியிலயும் எறங்கினா மக்கவே மக்காது. நாத்தமாவது சொல்லிட்டு வரும், அது சொல்லாது.

அப்புறம் யாராவது வாங்குற ஐடியாவுல இருந்தா மீட்டரைப் பார்த்து ஏமாறாதீங்க. இத்தனை வருஷத்துல இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கான்னு வாயைப் பிளப்பாங்க. ஃபயர் வண்டி ஓடறது கொஞ்சம், நின்ன இடத்துல பம்பைச் சுத்தறதுதான் நிறைய. ராத்திரி முழுக்க ஃபுல் திராட்டில்ல நின்ன இடத்துலயே கத்திட்டு இருக்கும், மீட்டர் ஒரு அடி கூட நகராது. போதாக்குறைக்கு என்ஜின் சூடு ஏறதுக்குள்ள ஷெட்டுல இருந்து தெறிச்சு ஓடணும், அந்தக் குளிர்ந்த ஓட்டம்தான் என்ஜினைத் தின்னும். எங்க பழைய வண்டிக்கு கிலோமீட்டர் கணக்குல பார்த்தா இளவயசு, உள்ள ரிங் எல்லாம் கிழம்.

அமெரிக்க வண்டியா இருந்தா பம்ப் பேனல்ல ஒரு சோதனைத் தகடு இருக்கும், அதைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க. 150 பிஎஸ்ஐ அழுத்தத்துல முழு அளவு, 200ல 70 சதவீதம், 250ல பாதி, இப்படி மூணு வரி. ஆயிரம் கேலன் பம்புன்னா 1000, 700, 500. அழுத்தம் ஏத்தினா தண்ணி குறையும், அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தகடு இருந்தா பம்போட ஜாதகம் கையில இருக்கற மாதிரி.

*

டீசல்மூக்கு:

நைட்ஷிப்ட் ஐயா, உங்க போஸ்ட்டைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்ஷாப்ல வண்டி இழுக்கற கிரேன் லாரி ஒண்ணு இருக்கு, பின்னாடி கிரேன், ஆனா முன்னாடி கேபினுக்கு நாலு கதவு. பழைய பெரிய லாரிக்கு எதுக்குடா நாலு கதவுன்னு எப்பவும் யோசிப்பேன். அது எக்ஸ் ஃபயர் வண்டியா இருக்குமோ?

*

நைட்ஷிப்ட்:

இருக்கும், நிறைய சான்ஸ் இருக்கு. நாலு கதவு நீங்க சொல்றதுதான் முதல் அறிகுறி, ஆளுங்க பின் சீட்டுல உக்காந்துதான் மூச்சுக் கருவி மாட்டுவாங்க. என்ஜின் பவர் வண்டி சைஸுக்கு மிஞ்சி இருந்தா ரெண்டாவது. மூணாவது கியர் லீவர் பக்கத்துல கூடுதலா ஒரு லீவர், இல்ல கழட்டின லீவரோட ஓட்டை இருக்கான்னு பாருங்க, பம்புக்கு பவர் மாத்தி விடறது அதுலதான். ஃபயர் சர்வீஸ்ல இருந்து வெளிய போற வண்டிங்க பெரும்பாலும் போய்ச் சேர்ற இடம் இதுதான்: இழுவை லாரி, தோட்டத்துக்கு தண்ணி வண்டி, பெரிய ஃபேக்டரியோட சொந்த ஃபயர் வண்டி. சிவப்பு லாரி எல்லாம் ஃபயர் வண்டி இல்ல, அதே மாதிரி ஃபயர் வண்டி எல்லாம் இன்னும் சிவப்பா இருக்கணும்னும் இல்ல. 1970கள்ல எலுமிச்சை மஞ்சள் கலர் இருட்டுல நல்லா தெரியும்னு அமெரிக்காவுல பல ஊர் மாறுச்சு, பின்னாடி பாதிப்பேர் திரும்ப சிவப்புக்கே வந்துட்டாங்க. ஏர்போர்ட் வண்டிங்கள்ல இன்னைக்கும் அந்த மஞ்சள் பார்க்கலாம். கூரை மேல பீரங்கி மாதிரி ஒண்ணு நின்னா அது ஏர்போர்ட் சாமான்தான் பெரும்பாலும், ஓடிக்கிட்டே ஃபோம் அடிக்கறதுக்கு.

*

ஓரக்கண்:

போயிட்டு வந்தேன்!!! வாட்ச்மேனே கூட வந்து டார்ச் அடிச்சார், அவருக்கும் இப்ப ஆர்வம் வந்துடுச்சு, "எத்தனை வருஷமா இது பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்கேன் இது என்னன்னு தெரியாம"ன்னு ஒரே புலம்பல். போட்டோவுக்கும் ஓகே சொல்லிட்டார், ஆனா என் போன் சார்ஜ் தீர்ந்து போச்சு, என் ராசி.

சரி வரிசையா சொல்றேன். லாக்கர் கதவு உள்மடிப்புல பச்சை. சீட்டைத் தூக்கினேன், அடியில பச்சை. நம்பர் பிளேட்டை ஒரு போல்ட் லூஸ் பண்ணி லேசா சாய்ச்சுப் பார்த்தேன், பின்னாடி பளிச்சுன்னு பச்சை, வெயில் படாததால புதுசு மாதிரி இருந்துச்சு, கொஞ்சம் கருப்பு கலந்த ஆலிவ் மாதிரி, பட்டாளத்து வண்டி பச்சை.

முன் ஆக்சில் நடுவுல உருண்டை இருக்கு, நேர் நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி. அதுக்கு ஒரு ராடும் போகுது.

பானட் ஒரு பக்கம்தான் திறந்துச்சு. ஸ்பார்க் பிளக் எண்ணினேன், ஆறு. அப்ப பெட்ரோல் ஆறு சிலிண்டர். நான் லாரின்னா டீசல்னுதான் நெனச்சிருந்தேன்.

லூகாஸ் சாமான் ரெண்டுல தேதி தெரிஞ்சுது, ஒண்ணுல 54, இன்னொண்ணுல 55.

கடைசியா கேபின்ல ஒரு தகடு, மேல சிவப்பு பெயிண்ட் பூசி மெழுகியிருந்தாங்க, என் பனியனை நனைச்சு பத்து நிமிஷம் துடைச்சேன். பெட்ஃபோர்ட்னு நல்லா தெரியுது. அதுக்குக் கீழ ஆர், எல், ஹெச், அதுக்கப்புறம் ஒரு எழுத்து, பெயிண்ட் கட்டியா உறைஞ்சிருக்கு, படிக்க முடியல.

*

துருவேந்தன்:

இஸட். அந்தக் கடைசி எழுத்து இஸட்.

ப்ரோ, பச்சைன்னதுமே எனக்கு அடிச்ச சந்தேகம் இதுதான். பெட்ஃபோர்ட் ஆர்எல்ஹெச்இஸட், ஊர் உலகம் கூப்பிடற பேரு கிரீன் காடஸ். தமிழ்ல சொன்னா பச்சையம்மன்!

இது சாதாரண ஃபயர் சர்வீஸுக்காக செஞ்ச வண்டியே இல்ல, அதனாலதான் சிவப்பு இல்ல. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு அடுத்தது அணுகுண்டுப் போர்தான்னு எல்லாரும் பயந்துட்டு இருந்த காலம். குண்டு விழுந்தா ஊரு ஊரா எரியும், தண்ணிக் குழாய் எல்லாம் உடைஞ்சிருக்கும், ஏரியில ஆத்துல இருந்து தண்ணியை உறிஞ்சி வண்டிக்கு வண்டி ரிலே பண்ணி கொண்டு வரணும்னு பிளான் போட்டு, பிரிட்டிஷ் அரசாங்கம் ஆக்ஸிலரி ஃபயர் சர்வீஸ்னு தன்னார்வலர் படை ஒண்ணுக்காக 1953ல இருந்து 1956 வரைக்கும் செஞ்சது. உங்க லூகாஸ் 54ம் 55ம் சரியா அதுக்குள்ள உக்காருது பாருங்க. அதனாலதான் பம்ப் அவ்வளவு பெரிசு, தீயை அணைக்கறதை விட தண்ணியைக் கடத்தறதுதான் அதோட வேலை.

ஆக்சில் உருண்டையைக் கேட்டது ஏன்னா, இதே குடும்பத்துல எஸ்ஹெச்இஸட்னு ஒண்ணு இருக்கு, அதுல பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். உங்களுதுல முன் ஆக்சில்லயும் உருண்டை இருக்கு, அப்ப ஃபோர் வீல் டிரைவ், இடிபாடு மேல ஏறிப் போகணுமே. என்ஜின் 4.9 லிட்டர் பெட்ரோல், சுமார் 110 குதிரை, எல்லாச் சாமானையும் ஏத்திட்டு மேட்டுல ஏறினா நடந்து போறவன் தாண்டிப் போவான். பெட்ரோல் குடிக்கறதைப் பத்திப் பேசவே வேணாம்.

1968ல அந்தப் படையைக் கலைச்சுட்டாங்க. வண்டிங்களைத் தூக்கிப் போடாம கொட்டகையில போட்டு எண்ணெய் போட்டு வச்சிருந்தாங்க. 1977ல தீயணைப்பு வீரர்கள் ஸ்டிரைக் பண்ணப்போ பட்டாளத்துக்காரங்க இதை வெளிய எடுத்து ஓட்டினாங்க, திரும்ப 2002 ஸ்டிரைக்லயும் அதே பச்சை வண்டிங்க வந்து நின்னுச்சு, கிட்டத்தட்ட அம்பது வயசுல. அதுக்கப்புறம் மிச்சம் இருந்ததை வித்தாங்க, நிறைய வெளிநாட்டுக்குப் போச்சு. வாங்கினவங்கள்ல பலபேர் முதல்ல செஞ்ச வேலை சிவப்பு அடிக்கறது. உங்க வண்டி எந்த வழியா அந்த ஃபேக்டரிக்கு வந்துச்சுன்னு பேப்பர் கிடைச்சாதான் தெரியும்.

அந்த கொடைவா பம்பும் பொருத்தமாதான் இருக்கு, இந்த வண்டிங்க கூடவே தூக்கிட்டுப் போற சின்ன பம்ப் ஒண்ணையும் சுமந்துட்டுதான் போகும். ஆனா அதே பம்ப்தானா, பின்னாடி யாராவது வச்சதான்னு போட்டோ பார்த்தாதான் சொல்வேன்.

பாடி கட்டினவங்க யாருன்னு இன்னும் பாக்கி. ஒரே டிசைனை பல கோச் பில்டர்ங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. கதவுக்கு அடியில கால் வைக்கற பட்டையில குட்டித் தகடு இருக்கான்னு பாருங்க.

*

டீசல்மூக்கு:

டென்னிஸ்னு சொன்னவனை எங்கயாவது பார்த்தா நான் இல்லன்னு சொல்லிடுங்க.

பச்சையம்மன் சூப்பர், இனிமே இதான் பேரு. அந்த நாலு கதவு இழுவை லாரியைப் பார்த்தேன் ஐயா, கியர் பக்கத்துல தரையில செவ்வக ஓட்டை, தகரம் வச்சு ரிவெட் அடிச்சிருக்கு. ஓனர்கிட்ட கேட்டேன், "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு டீசலை ஊத்தப் போயிட்டார். தனித் தலைப்பு போடறேன்.

*

ஏணிக்காரன்:

ஓரக்கண், இன்னொரு தடவை போனா சாயங்காலம் போங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இருந்த எழுத்து, விளிம்போட தடிமனால மேல் பெயிண்ட்டுக்குள்ளயும் லேசா மேடா நிக்கும். நேரா பார்த்தா தெரியாது, டார்ச்சை கதவோட ஒட்டி, பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு அடிங்க, நிழல் விழும். விரல்ல தடவினாலும் தெரியும். எனக்கு ஒரு வண்டியோட பழைய ஊர்ப் பேரே இப்படித்தான் கிடைச்சுது.

*

ஓரக்கண்:

இப்பதான் வந்தேன், கை கால் எல்லாம் முள்ளு.

ஏணிக்காரன் சொன்ன மாதிரியே ஆறரை மணிக்குப் போய் வாட்ச்மேன் டார்ச்சை கதவோட ஒட்டிப் பிடிச்சார். ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல, அவர் கொஞ்சம் கீழ இறக்கினார், டக்குனு ஒரு வட்டம் எழும்பி வந்துச்சு, என் உள்ளங்கை சைஸ். அதுக்குள்ள 7. வட்டத்துக்குக் கீழ ஒரு வரி எழுத்து இருக்கு, ஆனா அது இங்கிலீஷ் இல்ல, எனக்குத் தெரிஞ்ச எந்த எழுத்தும் இல்ல. பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்திருக்கேன், பாதி வந்திருக்கு.

கதவுக்கு அடியில தகடு இல்ல, ரெண்டு ரிவெட் ஓட்டைதான்.

பென்சில் பேப்பரை ஸ்கேன் பண்ணி ராத்திரி போடறேன், அந்த எழுத்து யாருக்காவது படிக்க வந்தா சொல்லுங்க. வாட்ச்மேன் அதுக்குள்ள வண்டி மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டார், மழை வருமாம்.